விட்டுக்கொடுத்தலும் ஒத்திப்போடுதலும்

நன்றிக்கடன் கருதி ஒருவர் தம் உரிமையைக் கோராது வாளாவிருப்பாராயின், அதனைப் பெருந்தன்மை என்று போற்றலாமா? போற்றுமுன் ஒன்றை ஆராய வேண்டும். அவர் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தாரா, அல்லது காலம் வரட்டும் என்று ஒத்திப்போட்டாரா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விளைவிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. பண்டைய ஷாம் தேசத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

கி.மு. 323இல் அலெக்சாந்தர் மறைந்தபின் அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொள்ளப் போரிட்டனர். அவர்களுள் தாலமி எகிப்தை ஆண்டார்; செலூக்கஸ் பாபிலோனை ஆண்டார். ஆன்டிகோனஸ் என்னும் மற்றொரு தளபதிக்கு அஞ்சிச் செலூக்கஸ் ஓடிவந்தபோது அடைக்கலம் தந்தவர் தாலமியே. கி.மு. 312இல் சுமார் ஆயிரம் வீரரைத் தந்து அவரைப் பாபிலோனுக்குத் திரும்ப அனுப்பியவரும் அவரே. செலூக்கிய அரசு அந்தச் சிறுபடையிலிருந்தே எழுந்தது.

கி.மு. 301இல் இப்ஸஸ் போரில் ஆன்டிகோனஸ் மாண்டார். வென்ற மன்னர்கள் சிரியாவைச் செலூக்கஸின் பங்கென விதித்தனர். ஆனால் அப்போர்க்களத்துக்கு வராத தாலமி, அதன் தென்பகுதியை, அதாவது இன்றைய பாலஸ்தீனமும் லெபனானும் அடங்கிய நிலத்தை, அதற்குள் கைப்பற்றியிருந்தார். நட்பின் பொருட்டு இப்போதைக்குத் தலையிடுவதில்லை என்றும், பங்குக்கு மீறி ஆசைப்படும் நண்பரை நடத்தும் விதத்தைப் பின்னர் ஆலோசிப்பதாகவும் செலூக்கஸ் கூறியதாக வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதியுள்ளார்.

அந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் சொத்தாக வந்து சேர்ந்தது. கி.மு. 274 முதல் 168 வரை இரு வமிசங்களும் ஆறு முறை போரிட்டன. நான்காம் போரின் இடையே தூதர்கள் கூடி வாதிட்டனர். செலூக்கியர் இப்ஸஸ் தீர்ப்பைக் காட்டினர். தாலமி அன்று செலூக்கஸுக்குத் துணைநின்றதே இந்நிலத்தைத் தாம் அடைவதற்காகத்தான் என்றனர் மற்றவர். நடுவர் எவரும் இல்லாமையால் பேச்சு முறிந்தது என்கிறார் பொலிபியஸ். கி.மு. 217இல் ரஃபா அருகே 70,000 காலாட்படையும் 73 யானைகளும் ஒருபுறம். 62,000 காலாட்படையும் 102 யானைகளும் மறுபுறம். தோற்ற அந்தியோக்கஸின் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர் மடிந்தனர். கி.மு. 200இல் பானியம் போரில் வென்று அவரே அந்நிலத்தைப் பறித்துக்கொண்டார். கி.மு. 64இல் ரோமானியத் தளபதி பாம்பே வந்து சிரியாவைத் தம் நாட்டு மாகாணமாக்கினார்.

உதவி செய்தவர் அதற்கு விலையாக நிலத்தை எடுத்துக்கொண்டார்; உதவி பெற்றவர் மனத்தாங்கலை உள்ளே பூட்டிவைத்தார். அந்நிலத்தில் உழுது பயிரிட்டவனிடம் இருவருமே ஒரு சொல் கேட்கவில்லை.

பாகப்பிரிவினையில் உடன்பிறந்தாரிடம், “இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி எழும் வழக்கம் நம் இல்லங்களிலும் உண்டு. விட்டுக்கொடுப்பதாயின் மனமார, வாய்விட்டுச் சொல்லி விட்டுக்கொடுப்போம். இயலாதாயின், நட்பு உயிரோடிருக்கும்போதே, நடுவர் ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்போம். நாம் பேசாது விட்டதை, நம் நட்பை அறியாத பேரப்பிள்ளைகள் பேச நேரிடலாகாது.