அம்மாவாணையும் அரசர் விளையாட்டும்

விளையாட்டுக்குள் கொடுத்த வாக்கை அந்த விளையாட்டுக்குள்ளேயே மீறுவது திறமையா, துரோகமா? என் வகுப்பறைக்குள் இந்தக் கேள்வி இரண்டு பையன்களின் சண்டையாக வந்து சேர்ந்தது. சண்டையை விலக்குவது சுலபமாக இருந்தது. கேள்விதான் இன்னும் விலகவில்லை.

தீவகத்துப் பாடசாலையொன்றில் பதினோராம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். பையன்களின் கைத்தொலைபேசிகளில் ஒரு வருடமாகப் பேரரசு கட்டும் விளையாட்டொன்று நடக்கிறது. ஆளுக்கொரு நகரம். முதலில் மரமும் கல்லும் தானியமும் சேர்க்கவேண்டும், பின்பு படை, பின்பு அயல் நிலம். தனித்து நிற்பவனைப் பெரியவன் விழுங்கிவிடுவான். ஆதலால் கூட்டணி தேவை. கூட்டணிக் கொடி நட்ட இடமெல்லாம் கூட்டணியின் நிலம். எங்கள் பையன்களும், ரொறன்ரோவில் இருக்கும் மச்சான்மாரும், முகம் தெரியாத துருக்கிக்காரரும் ஒரே கொடியின் கீழ் நிற்கிறார்கள். இங்கே இரவானால் கனடாக்காரன் காவல். அங்கே இரவானால் இவர்கள் காவல். படிப்புக் கெடுகிறது என்று பெற்றோர் சொல்வது உண்மைதான். ஆயினும் ஒரு கூட்டத்தை மாதக்கணக்காகப் பிரியாமல் வைத்திருப்பதற்கு இந்தப் பிள்ளைகள் காட்டும் நிதானம் எங்கள் சங்கங்கள் பலவற்றில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடந்தது இதுதான். நாலு மாதம் கூட நின்ற ஒருவன், தலைவனின் நகரத்தை மூடியிருந்த சமாதானக் கவசம் எத்தனை மணிக்குக் கழரும் என்பதை எதிரணிக்குச் சொல்லிவிட்டான். பதிலுக்கு அங்கே அவனுக்கு ஒரு பதவி. விடியற்புறம் நகரம் எரிந்தது. காலையில் வகுப்பில் மூக்கு உடைந்தது.

"சேர், அது கேம்தானே. கேமில இப்பிடிச் செய்யலாம்" என்றான் அடி வாங்கியவன்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், அம்மாவாணை எண்டு சொன்னவன் சேர்" என்றான் அடித்தவன்.

சீட்டாட்டத்தைப் புகழ நான் வரவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் ஆடப்படும் முந்நூற்றிநாலு இந்த இடத்தில் உதவிக்கு வருகிறது. கலாசாலை விடுதியில் அதைப் பார்த்துப் பார்த்தே பழகியவன் நான். நாலு பேர், இரண்டு சோடி. துரும்பு வைப்பவன் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறான். அது என்ன வகை என்பது அவனுடைய கூட்டாளிக்கும் தெரியாது. இந்த மறைப்பை எவரும் பொய் என்பதில்லை. அதே மனிதன் இருமியோ கண்ணைச் சிமிட்டியோ கூட்டாளிக்குச் சாடை காட்டினால் 'கள்ள விளையாட்டு' என்று சீட்டுகள் பறக்கும். கிளித்தட்டிலும் அப்படித்தான். இடப்பக்கம் பாய்வதாகப் போக்குக் காட்டி வலப்பக்கம் ஓடுகிறவனைப் பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. எதிரே நிற்பவன் அந்தப் போக்கை எதிர்பார்த்தே நிற்கிறான்.

வாக்கு வேறு சங்கதி. அது எதிரே நிற்பவனைக் காவலைக் கைவிடச் சொல்கிறது. 'இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நித்திரை கொள்' என்கிறது. போக்குக் காட்டும்போது நான் அவனுடைய கண்ணை ஏமாற்றுகிறேன். வாக்கை மீறும்போது அவன் என்னை நம்பியதையே ஆயுதமாக எடுத்து அவனைக் குத்துகிறேன்.

அப்படியானால் வாக்கு மீறலையே விதியாக வைத்த விளையாட்டை என்ன சொல்வது? அப்படியொன்று உண்டு. 'டிப்ளோமசி' என்ற பலகை விளையாட்டை அலன் கல்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954இல் உருவாக்கினார்; 1959இல் அது விற்பனைக்கு வந்தது. (வல்லரசுகளின் சூழ்ச்சியை விளையாட்டாக்கிய இந்த மனிதர் பின்னாளில் தபால்காரராக வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.) முதலாம் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், தாயக்கட்டை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச்சுவார்த்தை. பின்பு எல்லோரும் கட்டளைகளை இரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். பேச்சில் கொடுத்த உறுதி எதுவும் கட்டளையைக் கட்டுப்படுத்தாது. 2022இல் மெற்றா நிறுவனம் 'சிசரோ' என்ற செயற்கை நுண்ணறிவை இந்த விளையாட்டில் இறக்கியது. மனிதரோடு ஆடி முதல் பத்து வீதத்துக்குள் வந்தது என்றார்கள். பெரிதும் நேர்மையாக நடக்கும்படி பழக்கப்பட்டது என்றும் சொன்னார்கள். அதுவும் கூட்டாளிகளுக்குக் குழி பறித்திருக்கிறது என்று 2024இல் வேறு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

டிப்ளோமசியில் நான் குறை காணமாட்டேன். ஏழு பேரும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஒரே விதியை அறிந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள். அந்த மேசைக்கு விளிம்பு உண்டு. எங்கள் பையன்களின் விளையாட்டுக்கு விளிம்பு எங்கே? பஸ்ஸிலும் அதுதான், ரியூசன் வாசலிலும் அதுதான், இரவு பாயில் படுத்தாலும் அதுதான். எதிரணியில் இருப்பவன் அடுத்த வாங்கில் இருக்கிறான்.

ஆகவே நகரம் எரிந்த வழக்கை நான் விசாரிக்கவில்லை. அது அரசர்களின் வழக்கு. அம்மாவாணை என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த விளையாட்டில் அரசர்களுக்கு அம்மா இல்லை. அப்படியிருக்க அவன் யாருடைய அம்மாவைச் சொன்னான்? சமையல் அறையில் நின்று அவனுக்குப் புட்டு அவிப்பவரைத்தான். ஆணை வைத்த அந்தக் கணத்தில் வாக்கு தொலைபேசிக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. வெளியே வந்த வாக்கை விளையாட்டு விதியைக் காட்டி மீற முடியாது.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "அப்ப அம்மாவாணை எண்டு சொல்லாமல் விட்டிருந்தால் சரியோ சேர்?"

நல்ல கேள்வி. வழக்கறிஞனுக்குரிய கேள்வியும்கூட. ஆணை இல்லாத வாக்கு எப்போது கட்டும்? என் எண்ணத்தில், சொன்னவன் என்ன நினைத்தான் என்பதைவிடக் கேட்டவன் எப்படி விளங்கிக்கொண்டான் என்பதும், அப்படி விளங்கிக்கொள்வான் என்று சொன்னவனுக்குத் தெரியுமா என்பதுமே முக்கியம். இருவரும் ஆடுகிறார்கள் என்றால் அது ஆட்டம். ஒருவன் ஆடுகிறான், மற்றவன் நம்புகிறான் என்றால் அதற்கு வேறு பெயர்.

நம்மவர்க்குத் தெரிந்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, கிறிஸ்து ஆண்டு 628. பத்து வருடச் சமாதானம். எழுத்து முடியுமுன்னே, மறுதரப்பில் பேச வந்த சுஹைலின் மகன் அபூ ஜந்தல் விலங்கோடு தப்பி வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார். ஒப்புக்கொண்ட நிபந்தனைப்படி அவர் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த இடத்தில் நின்ற தோழர்களுக்கு அது எவ்வளவு கசந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. அதே உடன்படிக்கையில் எந்தக் கோத்திரமும் விரும்பிய தரப்போடு சேரலாம் என்ற நிபந்தனையும் இருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் குறைஷியரோடு சேர்ந்த பனூ பக்ர், நபி (ஸல்) அவர்களோடு சேர்ந்த குஸாஆவைத் தாக்கியது. குறைஷியர் சிலர் உதவினார்கள். உடன்படிக்கை அத்தோடு முறிந்தது. கூட்டாளி செய்ததுதானே, நாங்கள் செய்யவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. கூட்டணி அமைக்கும் என் மாணவர் தலைவர்களுக்கு இந்தப் பாடம் தேவை.

எங்கள் கடலில் நடந்த கதைக்கு வருகிறேன். 1638 மே மாதம் மட்டக்களப்பில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தக் கம்பனியின் தளபதி வெஸ்ரர்வோல்டும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். போர்த்துக்கேயரை விரட்டவேண்டும், செலவுக்கு மன்னன் கறுவாவும் பிற பொருள்களும் கொடுக்கவேண்டும். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படையை வைப்பது, மன்னன் விரும்பினால் மட்டுமே என்று பொருள்படும் சில சொற்கள் போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தன. ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. ஒரே ஒப்பந்தம், இரண்டு விளையாட்டு! காலியும் நீர்கொழும்பும் 1640இல் விழுந்தன. செலவுக் கணக்குத் தீரவில்லை என்று கம்பனி அவற்றை வைத்துக்கொண்டது. 1656 மே மாதம் கொழும்பு விழுந்தது. மன்னனுக்கு வாசல் திறக்கவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வார்கள்.

மன்னனை அப்பாவி என்று நான் சொல்லவரவில்லை. ஒருவனைக் கொண்டு மற்றவனை அடிக்கும் கலை அவனுக்கும் கைவந்தது. 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்தபோது அதையும் வரவேற்றான். அவனும் கம்பனியும் ஆட்டக்காரர்தாம்.

ஆனால் நாங்கள்? 1658இல் ஒல்லாந்தர் வடக்கே வந்தார்கள். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை தண்ணீர் இல்லாமல் சரணடைந்தது; யாழ்ப்பாணக் கோட்டை ஜூன் மாதம் விழுந்தது. கடற்கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். பன்றித் தொடையின் குதிக்கால் என்று பொருள். இலங்கையின் வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. சாப்பிட வந்தவன் வைக்கும் பெயர் வேறு எப்படி இருக்கும்! தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்வ்ற், வேலணை லைடன், காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லம், எழுவைதீவு ஹோர்ண். ஆங்கில வரைபடத்தில் டெல்வ்ற் இன்றும் நிலைத்து நிற்கிறது.

என் மாணவர்களின் விளையாட்டில் வரைபடம் தொடக்கத்தில் மூடுபனிக்குள் இருக்கும். ஒற்றனை அனுப்பினால் பனி விலகும். விலகியபின் தெரிகிற நிலத்தில் குடியானவர் எவரும் இருப்பதில்லை. இருந்தால் அவர்கள் 'காட்டுமிராண்டிகள்', அடித்தால் பரிசு. கூட்டாளி கூட்டாளியைக் காட்டிக்கொடுத்ததைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. காட்டிக்கொடுக்கப்பட்டவனுக்கு ஒரு கட்சியாவது உண்டு. பலகையின் கட்டமாகக் கிடப்பவனுக்கு எவரும் வாக்குக் கொடுப்பதே இல்லை. ஆகவே அவனிடம் வாக்கு மீறப்படுவதும் இல்லை. 1974இல் கச்சதீவு பற்றி இரண்டு அரசுகள் ஒப்பந்தம் செய்தபோது அந்தக் கடலில் வலை வீசியவர்கள் எந்த நாற்காலியில் இருந்தார்கள்?

பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான காற்று, சூரிய மின்திட்டத்தைச் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை இணங்கியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் சீனனா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகச் செய்துதருவதாகப் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றோடு ஒப்பந்தம். மூன்று ஆட்டக்காரரும் விதிப்படிதான் ஆடினார்கள்.

திட்டம் நின்ற செய்தி வந்த நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் இதுதான் பேச்சு. "சீனனோ இந்தியனோ, ஜெனரேற்றர் சத்தம் நிண்டால் காணும்" என்றார் நெடுந்தீவுக்காரர் ஒருவர். அரிசி மூட்டையில் இருந்த கிழவியொருத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களிட்ட ஆரும் வந்து கேட்டவையே தம்பி?"