வலி விலகிய பின்

குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதை நீண்டது. மார்கழி தொடங்கி வெசாக் வரை அதில் ஏறுகிறோம். மலை உச்சியில் ஒரு பாதச் சுவட்டை வணங்கப் போகும் நாம், நம் பாதங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று குனிந்து பார்க்கிறோமா?

தேயிலை மலையிலும் ரப்பர் காட்டிலும் ஓய்வின்றி நடந்த பாதங்கள் இங்கே ஏராளம். சீனி வருத்தம் பல ஆண்டுகள் நீடித்து நரம்புகளைத் தளர்த்திவிட்டால், முள் குத்தியதும் செருப்பு உரசியதும் அவற்றுக்குத் தெரிவதில்லை. வலி இல்லாததையே நலம் என்று நம்பி நாம் நடந்துகொண்டிருப்போம்.

1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற டாக்டர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களில் ஓர் உண்மையைக் கண்டார். வலியறிந்தவர் ஓரிடம் நொந்ததும் தம்மை அறியாமலே பாரத்தை வேறு பக்கம் மாற்றி நடக்கிறார். வலி மரத்தவரோ அதே இடத்தைத் திரும்பத் திரும்ப மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார். சீனி வருத்தக்காரரின் பாதத்துக்கும் இதுவே விதி.

அப்படியானால் நடக்காதிருப்பதுதான் காவலா? மருத்துவமும் ஒரு காலம் அப்படித்தான் எண்ணியது. ஆனால் நடை நின்றால் இரத்தத்தில் சீனி ஏறும், இதயம் தளரும், உள்ளங்காலும் பாரம் தாங்கும் பழக்கத்தை இழக்கும். அமெரிக்காவில் டேவிட் ஆம்ஸ்ட்ரோங் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. புண் கண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே நடந்தவர்கள். ஆனால் அவர்களுடைய நாட்கள் ஒன்றுபோல் இல்லை, ஒரு நாள் சும்மா இருந்து மறுநாள் மிகுதியாக நடந்திருக்கிறார்கள். ஆண்டெல்லாம் லயத்துத் திண்ணையில் அமர்ந்திருந்துவிட்டு ஓர் இரவில் மலையேறும் முதியவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. உடல் அஞ்சுவது உழைப்பை அன்று, ஒழுங்கின்மையை. ஆகவே வலி என்னும் இயற்கைக் காவல் விலகிய ஒருவர், அது கேளாமலே தந்துவந்த எச்சரிக்கையைத் தம் கண்ணாலும் கையாலும் நாள்தோறும் தேடிப் பெற்று, நேற்றைய நடையோடு இன்றைய நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, உணர்ச்சி செய்துவந்த வேலையை அறிவு ஏற்கும் ஒரு புதிய வாழ்க்கைக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டியவராகிறார்.

புண் வந்துவிட்ட பாதத்துக்கு இது பொருந்தாது. ஆறும்வரை அதன்மேல் பாரம் விழலாகாது. ஆனால் குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுக்காதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும் என்றிருக்கும் இடத்தில், பாதத்துக்கு ஓய்வு கொடு என்று யாரிடம் சொல்வது? அளவறிந்து நடப்பது நோயாளியின் கடமை என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்த அளவைத் தீர்மானிக்கும் உரிமை அவருடைய கையிலும் கொஞ்சம் இருந்தாக வேண்டும்.