பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்!

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கோவளம் பஸ் நிற்கும் இடத்தில், போன மாசியில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. கைப்பிள்ளை அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு வயதுப் பையன் கையில் சிவப்பு வாளி. பஸ் வந்தது. அப்பா ஒரு காலைப் படியில் வைத்த நேரம் பார்த்து போன் அடித்தது. "கைப்பிள்ளைக்கு மூணு வயசாவது திகையட்டும் மக்களே, இப்ப எதுக்குக் கடலு?" பாட்டியின் குரல் எனக்கே கேட்டது. அவர் காலை எடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது. பையன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வாளி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பெற்றோரே, ஒரு முடிவு எடுக்க உங்களுக்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும்? பத்து மாதம் சுமந்தவர் நீங்கள். நடுராத்திரியில் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் நீங்கள். பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக் கடற்கரையைக் கண்டா தயங்குகிறீர்கள்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் நம் பெரியவர்கள். ஆழத்தைத் தெரிந்துகொள்ளாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளுங்கள், அச்சம் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

முதலில் காலம். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இந்தக் கரையைத் தொட்டால் கடல் கொந்தளிக்கும். மாசியும் பங்குனித் தொடக்கமும் பொதுவாக அமைதியான நாட்கள். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரக் கடலில் பிறந்த அலை திடீரென்று கரையேறும். மலையாள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் பல இடங்களில் அது வீடுகளுக்குள் புகுந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். போகாமல் இருக்க முடிவெடுப்பதும் துணிச்சல்தான்!

அடுத்தது இடம். வர்க்கலையின் செங்குத்துப் பாறை விளிம்பு அழகுதான். தத்தித் தத்தி ஓடும் பிள்ளையோடு அங்கே அறை எடுக்க நான் சொல்லமாட்டேன். பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் முகத்துவாரத்தைப் படகிலிருந்து பார்க்கலாம். அந்தக் கடலில் இறங்கக் கூடாது. சங்குமுகமும் குளிக்கும் கடல் அல்ல. மாலையில் போய், கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய சாகரகன்யகா சிலையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பங்குனி உற்சவத்தின் முடிவில் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் விமான ஓடுபாதை வழியாக அந்தக் கரைக்குத்தான் வரும். அதற்காக விமானங்களே சில மணி நேரம் நிற்கும். வேளியில் காயலும் கடலும் நடுவில் மணல்திட்டும், படகும், குட்டி ரயிலும் உண்டு. முதல் மாலைக்கு அதுவே போதும்.

மறுநாள் காலை கோவளம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஓரிடம் மட்டும் அடங்கிக் கருத்துக் கிடக்கும். நமக்கு அதுதான் பத்திரமான இடமாகத் தோன்றும். கரையேறிய நீர் முழுதும் திரண்டு கடலுக்குத் திரும்பும் பாதை அதுவாக இருக்கலாம். பெரிய ஆளையே இழுத்துப் போகும். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். லைஃப்கார்டு நிற்கும் இடத்திலேயே இருங்கள். சிவப்புக் கொடி பறந்தால் வாளியும் மணலும் மட்டும். சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கணுக்கால் ஆழமே கடல். உங்கள் கை எட்டும் தூரமே எல்லை. கோவளம் மணலில் கருமணல் கலந்திருக்கிறது, சீக்கிரம் சுட்டுவிடும். ஆகவே காலை ஒன்பதரைக்குள் கரையை விட்டுக் கிளம்பிவிட்டு, நாலரைக்கு மேல் திரும்ப வாருங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நேர் வெயிலே ஆகாது.

அறை பதிவு செய்யும் முன் ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலை எந்த நாள் என்று பாருங்கள். அன்று கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு வழி கிடையாது. 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டுக் கின்னஸில் ஏறினார்கள். மூன்று செங்கல்லை நடுத்தெருவில் கூட்டி, கொதிக்கும் தாரில், புகையில் நின்று பானையைப் பொங்கவைக்கிறாளே, அவள் யாரைக் கேட்டு வந்தாள்? வழி தெரியாத ஊரில் தண்ணீர், விறகு, பாதை எல்லாவற்றையும் தானே விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தாள். அந்த நெஞ்சுரம் உங்களுக்கும் உண்டு தாயே!

மாற்றுத்துணி இரண்டு, தொப்பி, குடிதண்ணீர், உப்பு போட்ட கஞ்சி ஒரு பிளாஸ்கில். வேறொன்றும் வேண்டாம். பாட்டிக்கு இன்றிரவே நீங்களாகப் போன் செய்து, எந்தக் கரை, எத்தனை மணி, எவ்வளவு ஆழம் என்று விவரமாகச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். அந்தப் பையனின் வாளியில் இந்த மாசியிலாவது மணல் விழட்டும்.