பேய்க்கு அஞ்சுவதா, கொலைக்கு அஞ்சுவதா?

அச்சம் முழுதும் இழிவன்று. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று பகுத்தறிவதே அறிவுடைமை என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறியை உரைகல்லாகக் கொண்டு, அச்சமூட்டவென்றே அமைந்த வீடியோ விளையாட்டு ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சீர்திருத்த ஏட்டில் பேய் விளையாட்டுக்கு என்ன வேலை என அன்பர் சிலர் நகைக்கலாம். இத்தகையன நம் இல்லங்களிற் புகுந்துவிட்ட பின்னும் ஆராயாதிருத்தலே நகைப்புக்குரியது.

அவ்விளையாட்டின் பெயர் ‘பி.டி.’ ஜப்பானியரான ஹிடியோ கோஜிமா இயக்கிய இது, 2014 ஆகஸ்டு 12ஆம் நாள் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு விலையின்றி வெளிவந்தது. ‘சைலண்ட் ஹில்ஸ்’ என்னும் பெரியதொரு விளையாட்டின் முன்னோட்டமே இஃது என்பது ஆடி முடித்தவர்க்கே புலனாயிற்று. அப்பெரிய விளையாட்டு கைவிடப்பட்டது. முன்னோட்டமும் 2015 ஏப்ரல் மாதத்தில் இணையக் கடையினின்று அகற்றப்பட்டது.

ஒரு வீட்டின் நடைபாதை. அதன் கோடியில் ஒரு கதவு. அதைத் திறந்து சென்றால், புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறுகிறது. கையில் ஆயுதம் இல்லை. நோக்கலும் நடத்தலுமே நமக்கு இயலும். இதுவே இதன் பெருஞ்சிறப்பு. பழகிய வீட்டையே அந்நியமாக்கி, நம் மனத்தைக் கொண்டே நம்மை நடுங்க வைக்கிறது. பெரும்பொருள் கொட்டி எடுத்த படங்கள் பலவற்றுக்கும் கைவராத திறம் இது.

குறையும் உண்டு. இறுதிப் புதிர்கள் அறிவால் அவிழ்வன அல்ல. பலர்க்குத் தற்செயலாகவே அவிழ்ந்தன. எனினும் நாம் கருதும் பெருங்குறை வேறு.

அவ்வீட்டு வானொலி ஒரு செய்தி கூறுகிறது. ஒருவன், கருவுற்ற தன் மனைவியையும் இரு மக்களையும் சுட்டுக் கொன்றான். ஆனால் நடைபாதையில் நம்மை வெருட்டுபவன் அவன் அல்லன். குருதி தோய்ந்த ஆடையுடன் லிசா என்னும் பெண் நிற்கிறாள். கொலையுண்ட மனைவியே அவள் என்பர் ஆடியவருட் பலர். கொன்றவன் செய்தியோடு மறைந்தான், கொல்லப்பட்டவள் பேயானாள்!

அவள் கொலைஞனின் மனச்சான்று எனச் சிலர் விடையிறுக்கலாம். கைவிளக்கைப் பெற்ற பின் அவள் ஆடுவோரின் முதுகுக்குப் பின்னேயே தொடருமாறு நிரல் எழுதப்பட்டிருந்தமை 2019இல் கண்டறியப்பட்டது. மனச்சான்றுக்கு இதனினும் பொருத்தமான உருவகம் வேண்டா. ஆயினும் அவள் பற்றினால் நிகழ்வதென்ன? மீண்டும் விழித்தெழுகிறோம், மீண்டும் நடக்கிறோம். உடல் நடுங்குகிறதேயன்றி, அவளுக்காக உள்ளம் இரங்கவில்லை.

இது ஜப்பானியர் ஒருவரின் தவறு மட்டுமன்று. பிள்ளைப்பேற்றில் மாண்டவளைப் பொந்தியானாக் என்று அஞ்சுவது மலாயர் வழக்கு. நாமோ, தூக்கிட்டு மாண்டவளைப் பேய் என்று சொல்லி, அம்மரத்தடியில் நடக்கவும் அஞ்சினோம். ஓட்டுவதற்குப் பூசாரியை அழைத்தோம். அவளைக் கயிறு தேடச் செய்தவன் யார் என வினவினோமா? அவன் நம்மோடு பந்தியில் அமர்ந்து உண்டான்.

ஆதலின் இத்தகைய விளையாட்டை ஆடும் இளைஞரைக் கடிய வேண்டுவதில்லை. ஆடி முடித்த பின் அவரிடம் ஒரு வினா மட்டும் கேளுங்கள்: “அவளைக் கொன்றவன் எங்கே?”