பிழைப்பும் மொழியும்

மனிதனின் மொழியையும் பண்பாட்டையும் உருவாக்குவது எது? வயிற்றுப் பிழைப்பே என்பாருளர். அக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. கடல்வழி வணிகம் நாடி வந்த போர்ச்சுகீசியரிடமிருந்து சாவி, சன்னல், மேசை ஆகிய சொற்களைப் பெற்றோம். நிலவரி தண்டிய ஆட்சிகள் வசூல், பாக்கி, ரசீது என்னும் சொற்களை உழவன் நாவில் ஏற்றின. எப்புலவரும் இவற்றை வரவேற்றாரல்லர். தேவை அழைத்தது, அவை வந்தன.

மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டின எனக் கருதப்படும் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. அங்கு உறைந்த சமண முனிவருக்குக் கொடையளித்தோருள் 'வெள்ளறை நிகமத்தோர்' குறிக்கப்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு; சொல்லோ பிராகிருதம். அழகர்மலையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் அறுவை வணிகனும், புகளூரில் கருவூர்ப் பொன் வணிகனும் தத்தம் தொழிலோடு குறிக்கப்பெற்றுள்ளனர். வணிகரும் துறவியரும் நடந்த வழிகளிலேயே சொற்களும் நடந்தன.

எனினும், ஒன்று நோக்கத்தக்கது. அவ்வணிகர் ஈட்டிய ஊதியம் எவ்வளவென்று அக்கற்கள் கூறவில்லை, ஈந்ததையே கூறுகின்றன. ஈட்டாதவன் ஈவதெங்ஙனம் என வினவலாம். உண்மையே, பொருளின்றிக் கொடை இல்லை. ஆனால் பொருள் மட்டுமே கொடையாகிவிடாது. நிகமம் என்னும் சொல்லைக் கொணர்ந்தது தேவை; அதனைக் கல்லில் நிலைநிறுத்தியது தேவையைக் கடந்த அறம்.

இன்றைய நிலைக்கு வருவோம். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் உழுதுண்டு வாழ்ந்த நம் குடும்பங்கள் பல, கல்வியும் பணியும் நாடி நகரங்களுக்குப் பெயர்ந்தன. கமலை, பரம்பு, பொலி என்பன பேரப்பிள்ளைகள் பலருக்கு அகராதிச் சொற்களாயின. தொழில் மறையத் தொழிற்சொல் மறைவது இயல்பு. பிழைப்புக்காக ஆங்கிலம் கற்பதும் குற்றமன்று. ஊதியம் தராதது வேண்டாதது என்னும் அளவுகோலை வீட்டுமொழிக்கும் இட்டு, பிள்ளைக்குத் தமிழ் எழுத்தறிவிக்காது விடுவதே கேடு. சிந்தாமணியும் நீலகேசியும் எவருக்கும் வேலை தருவனவல்ல. அதனால் அவை பயனற்றனவாகுமோ?

மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். பொருளுக்கு எல்லை வகுப்பவன், பொருள்தேவையின் ஆட்சிக்கும் எல்லை வகுத்தல் வேண்டும். எம்மொழியில் ஈட்டுவது என்பதைத் தேவை முடிவு செய்யட்டும். எம்மொழியில் வழிபடுவது, எம்மொழியில் மக்களுக்கு அறம் உரைப்பது என்பவற்றை நாமே முடிவு செய்வோமாக.