நாணேற்றிய வில் களைத்துப்போகுமா?

கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே ஓயாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. மேகசினில் தோட்டாக்களை முழுக்க நிரப்பி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்தால், உள்ளே அழுந்திக் கிடக்கும் ஸ்பிரிங் வலுவிழந்துவிடுமா? ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததை மேலே தள்ளித் தருவது அந்த ஸ்பிரிங்தான். தள்ளும் வேகம் குறைந்தால், உயிர் போகும் நேரத்தில் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதற்கு அஞ்சிப் பலர் அவ்வப்போது தோட்டாக்களைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். இரண்டு மேகசின்களை வைத்துக்கொண்டு முறை போட்டு மாற்றுகிறவர்களும் உண்டு.

கேட்பதற்கு இது வெறும் பட்டறை விஷயம். ஆனால் இதே கேள்வியை, இதேபோல் ஓர் ஆயுதத்தை முன்வைத்தே, துறவிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு கேட்டிருக்கிறார்கள்.

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த வனத்து அந்தோணியாரைப் பற்றிய கதை அது. அவர் சீடர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை ஒரு வேடன் பார்த்துவிட்டான். தவசிக்கு இதென்ன கேளிக்கை என்று அவனுக்கு உறுத்தியது. அந்தோணியார் அவனை வில்லில் அம்பு பூட்டி இழுக்கச் சொன்னார். இழுத்தான். இன்னும் இழு என்றார். மறுபடியும் இன்னும் என்றார். இதற்கு மேல் இழுத்தால் வில் ஒடிந்துவிடும் என்றான் வேடன். துறவிகளும் அப்படித்தான், ஓயாமல் இழுத்தால் ஒடிந்துபோவார்கள் என்பது பெரியவரின் பதில். ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய யோவான் காசியன் இதையொத்த கதையை அப்போஸ்தலர் யோவான்மீது ஏற்றிச் சொல்கிறார். அதில் யோவான் ஒரு கௌதாரியைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வில்லை ஏன் எப்போதும் நாணேற்றி வைப்பதில்லை என்று வேடனையே திருப்பிக் கேட்கிறார். இவர்களுக்கெல்லாம் முன்பே ஹெரோடோட்டஸின் வரலாற்றில் எகிப்திய மன்னர் அமாசிஸ், காலை அலுவல் முடிந்ததும் குடித்துக் களிப்பதற்கு இதே வில்லைத்தான் காரணம் காட்டுகிறார். மன்னரின் சாக்குக்கும் துறவியின் ஞானத்துக்கும் ஒரே உவமை பயன்பட்டது கவனிக்கத் தக்கது.

மர வில்லைப் பொறுத்தவரை உவமையில் பிழையே இல்லை. நாணேற்றியே வைத்த மரம் நாளடைவில் அந்த வளைவுக்கே பழகிவிடும். நாணைக் கழற்றினாலும் முழுதாக நிமிராது. இன்றும் மர வில் வைத்திருப்பவர்கள் எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுகிறார்கள்.

எஃகு வேறு ஜாதி. இழுப்புக்கு ஏற்ற எதிர்விசை என்ற தம் விதியை ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்டார். அந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. மீட்சி எல்லைக்குள் எஃகின் அணுக்கள் சற்றே இடம் விலகி, விசை நீங்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. எல்லை தாண்டினால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, பிறகு திரும்புவதில்லை. நல்ல ஸ்பிரிங் புதிதாக அழுந்தும்போது கொஞ்சம் உயரம் இழக்கும். பிறகு பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடும். வீட்டு வாசலில் நிற்கும் காரின் ஸ்பிரிங்குகள் இரவும் பகலும் அதன் எடையைச் சுமந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்காக யாரும் காரை இரவில் தூக்கி நிறுத்துவதில்லை.

எஃகைக் களைப்படைய வைப்பது வேறொன்று. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் முறிய வேண்டும்? அடுத்த சில பத்தாண்டுகளில் பிரஷ்ய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளை மாதிரியாக வைத்துத் திரும்பத் திரும்பச் சுழற்றி, வளைத்துச் சோதித்தார். ஒருமுறை ஏற்றினால் இரும்பு எளிதில் தாங்கும் சுமையே, லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது அதை முறித்துவிடுகிறது என்று தெரிந்தது. உலோகச் சோர்வு என்பது இதுதான். சுமை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் இரும்பு முறிவதில்லை என்பதையும் அவருடைய சோதனைகள் காட்டின.

ஆகவே ஓய்வு தருவதாக நினைத்து மேகசினை அடிக்கடி காலி செய்து நிரப்புகிறவர், ஸ்பிரிங்கை உண்மையில் தேய்க்கும் வேலையையே கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறார். இருந்தாலும் மறுபக்கமும் பொய்யில்லை. 1911ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்ற .45 கைத்துப்பாக்கியின் மேகசினில் ஏழே தோட்டாக்கள். ஸ்பிரிங்குக்குத் தாராளமாக இடம் இருந்தது. 1935இன் பிரௌனிங் ஹை-பவரில் பதின்மூன்று, 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற குளோக் 17இல் பதினேழு என்று எண்ணிக்கை ஏறியபோது, ஸ்பிரிங்குக்கு மிஞ்சிய இடம் சுருங்கியது. எல்லையை ஒட்டி அழுந்திக் கிடக்கும் ஸ்பிரிங் வெறும் இருப்பிலேயே கொஞ்சம் தளரக்கூடும். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் இருபது தோட்டா கொள்ளும் மேகசினில் பதினெட்டே போட்டது புகழ்பெற்ற வழக்கம்.

இந்த இடத்தில் அந்தோணியாரின் வில்லைவிட புத்தரின் வீணை பொருத்தமாகத் தோன்றுகிறது. ராஜகிருகத்துக்கு அருகே சோணர் என்ற பிக்கு, கால் தோல் உரிந்து நடைபாதையில் ரத்தம் சிந்தும்வரை நடந்தபடியே தியானித்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, வீணை அறிந்தவர். பலன் கிடைக்காமல், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தவரிடம் புத்தர் வீணையைப் பற்றிக் கேட்டார். தந்தி மிக இறுகினால் இசை வருமா? மிகத் தளர்ந்தால்? இரண்டிலும் வராது என்றார் சோணர். புத்தர் தந்தியைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. இசைக்கிற வீணையில் தந்தி எப்போதும் இழுபட்டேதான் நிற்கிறது. அதை எந்த அளவில் நிறுத்துவது என்பதே கேள்வி. எஃகின் மீட்சி எல்லை சொல்வதும் அதையே.

ஆனால் மனிதர் எஃகு அல்ல. ஸ்பிரிங்குக்குத் தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாது. திருடனுக்கா, பயிற்சிக்கூடத்துக் காகித இலக்குக்கா என்று அது கேட்பதில்லை. அதை வைத்திருப்பவருக்குத் தெரியும். இரவில் சின்னச் சத்தத்துக்கும் எழுந்து உட்காருகிறவருடைய மேகசின் பத்தாண்டு கழித்தும் சரியாக இயங்கலாம். அவர் இயங்குவாரா என்பது சந்தேகம். இந்த ஓரிடத்தில் அந்தோணியாரே சரி. ஓயாத எதிர்பார்ப்பில் வாழும் மனம் மரத்தைப் போல அந்த வளைவுக்கே பழகி, ஆபத்து நீங்கிய பின்னும் நிமிர மறுக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியரின் உவமையைப் பலர் விழித்திருப்பவர்களின் கதையாக நினைக்கிறார்கள். உண்மையில் மணமகன் வரத் தாமதமானதும் பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள், புத்தியுள்ள ஐவரும்கூட. அவர்களைக் காப்பாற்றியது கூடவே கொண்டுவந்திருந்த எண்ணெய். எண்ணெய் இருந்ததால் தூங்க முடிந்தது என்று இதை வாசிப்பது தவறாகாது. ஆயத்தம் பாத்திரத்தில் இருக்கட்டும், உடல் உறங்கட்டும்.

விழிப்பே விடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களும் வழி கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் அலெக்சாண்டர் என்பவர் நிறுவிய மடத்துத் துறவிகளுக்குத் 'தூங்காதவர்கள்' என்றே பெயர். அங்கே இறைப்புகழ் இரவும் பகலும் நிற்காமல் ஒலித்தது. குழுக்களாகப் பிரிந்து முறை மாற்றிப் பாடினார்கள். ஒருவர் எழ ஒருவர் படுத்தார். ரோமானியப் படையின் இரவுக் காவலும் இப்படித்தான் நடந்தது. காவலில் தூங்கிய சிப்பாயைச் சக சிப்பாய்களே அடித்துக் கொல்லும் தண்டனை இருந்ததாக வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். ஆனால் அதே படை, நீர்க்கடிகாரத்தை வைத்து இரவை நான்கு யாமங்களாகப் பிரித்திருந்தது. ஒருவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க நேராதபடி செய்த ஏற்பாடு அது என்று போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் காரணமும் சொல்கிறார்.