தொடுங்கள், அது உங்களுக்காகத்தான்!

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததுமே நம் கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்கின்றன. "தொடாதே", "கிட்டப் போகாதே", "உடைச்சிடுவே" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் படிந்துபோன பழக்கம் அது. அந்தக் கட்டிய கைகளோடுதான் நேர்முகத் தேர்வுக்கும் போகிறோம். வகுப்பில் தொண்டை வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு வீடு திரும்புகிறோம்.

இந்தக் கட்டை அவிழ்ப்பதையே தம் வேலையாக எடுத்துக்கொண்ட கலைஞர்கள் உண்டு. பார்க்க வந்தவர் கை வைத்தால்தான் முழுமை பெறும் படைப்புகளை அவர்கள் செய்தார்கள். அப்படி ஒரு கண்காட்சிக்குப் போக வாய்த்தால் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே உங்கள் தன்னம்பிக்கைக்கு ஒரு பயிற்சிக்களம் காத்திருக்கிறது!

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், குயின்ஸ்லாந்து ஆர்ட் கேலரியில், குழந்தைகளுக்காக ஓர் அறையை அமைத்தார். சுவர், தரை, மேசை, நாற்காலி எல்லாமே வெள்ளை. உள்ளே வருகிறவர்களிடம் பல நிற வட்ட ஸ்டிக்கர்கள் கொண்ட தாளைக் கொடுப்பார்கள். நெற்றியில் பொட்டு வைப்பதுபோல, விரும்பிய இடத்தில் ஒட்டலாம். நாளாக ஆக வெள்ளை மறைந்து அறை முழுவதும் வண்ணமாகிவிடும்.

அந்த அறை நிறைந்த பிறகு உள்ளே போய் முதல் பொட்டு எது என்று தேடிப் பாருங்கள். கண்டுபிடிக்கவே முடியாது! அது கோணலாக ஒட்டப்பட்டதா, நேராக ஒட்டப்பட்டதா, ஒட்டியவர் ஓவியம் படித்தவரா என்பதெல்லாம் எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒருவர் தயங்கியிருந்தால் அறை வெள்ளையாகவே நின்றிருக்கும். நீங்கள் அஞ்சி அஞ்சித் தள்ளிப்போடும் முதல் முயற்சியும் இப்படித்தான். அதன் கோணல் காலப்போக்கில் மறைந்துவிடும். அது தொடங்கி வைத்தது மட்டும் நிலைக்கும்.

பிரேசிலின் லிஜியா கிளார்க் இன்னும் ஒரு படி மேலே போனார். அலுமினியத் தகடுகளைக் கீல் வைத்து இணைத்து, கையால் திருப்பத் திருப்ப வடிவம் மாறும் சிற்பங்களை 1960-இல் செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. 1963-இல் சிற்பத்தையும் தாண்டி, காகிதத்தையும் கத்தரியையும் நம் கையில் கொடுத்தார். 'காமின்யாந்தோ' என்ற அந்தப் படைப்பை உங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

நீளமான காகிதப் பட்டை ஒன்றை எடுங்கள். ஒரு முனையை மட்டும் ஒரு புரட்டுப் புரட்டி, மறு முனையோடு ஒட்டுங்கள். நடுவில் கத்தரியை நுழைத்து நீளவாக்கில் வெட்டிக்கொண்டே போங்கள். சுற்றி வந்து தொடங்கிய இடத்தை நெருங்கும்போது கை நிற்கும். பழைய வெட்டோடு போய்ச் சேர்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே விலக வேண்டும். இடப்பக்கமா, வலப்பக்கமா? அதைச் சொல்ல அருகில் எந்த ஆசிரியரும் இல்லை. நீங்களே முடிவெடுத்து வெட்ட வேண்டும். பட்டை மெலிந்து மெலிந்து, இனி வெட்டவே இடமில்லை என்கிற வரை போக வேண்டும்.

எந்தப் பக்கம் சரி? இரண்டுமே சரி! கத்தரியைப் பிடித்தபடி நின்றுவிடுவது ஒன்றுதான் தவறு. கடைசியில் மிஞ்சும் காகிதச் சுருளைக் கிளார்க் பெரிதாக மதிக்கவில்லை. வெட்டும் செயலே படைப்பு என்றார். மதிப்பெண் என்ன, பதவி என்ன என்று மிச்சத்தையே எண்ணிக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் துணிந்து எடுத்த முடிவுகளை எப்போது எண்ணப் போகிறீர்கள்?

"நான் தயார்தான், என்னை உள்ளேயே விடமாட்டேன் என்கிறார்களே" என்கிறீர்களா? கிளார்க்கின் நண்பர் எலியோ ஒய்ட்டிசிகாவின் கதையைக் கேளுங்கள். 'பரங்கோலே' என்ற பெயரில் அவர் துணியாலும் பிளாஸ்டிக்காலும் வண்ண மேலாடைகள் செய்தார். மாட்டி வைத்தால் அவை வெறும் துணி; உடுத்தி ஆடினால்தான் கலை. 1965-இல் ரியோ டி ஜெனிரோவின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சித் திறப்புக்கு, மாங்கேய்ரா குடிசைப் பகுதியின் சம்பா ஆட்டக்காரர்களை அழைத்துச் சென்றார். அருங்காட்சியகம் அவர்களை உள்ளே ஆடவிடவில்லை. அவர்கள் சுருண்டு போய்விடவில்லை. கட்டடத்துக்கு வெளியே, திறந்தவெளியில் ஆடினார்கள்! அந்த ஆட்டத்தைச் சொல்லாமல் பிரேசிலின் கலை வரலாற்றை இன்று எழுத முடியாது. ஆட்டம் அவர்கள் காலில் இருந்தது, கதவில் இருக்கவில்லை.

உங்கள் திறமையும் அப்படித்தான். எந்தக் கதவும் அதைத் தந்ததில்லை. எந்தக் கதவாலும் அதைப் பறிக்க முடியாது. வேலை தர மறுத்தார்களா? அந்த வேலை உங்களுக்குத் தெரியும் என்று காட்ட உங்கள் தெருவே போதும். மேடை கிடைக்கவில்லையா? பத்துப் பேர் கூடுமிடத்தில் பேசுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதா? தடுமாறியபடியே பேசுங்கள், பேசப் பேசத்தான் நாக்கு திருந்தும்.

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்ற பயத்தை இன்றோடு விடுங்கள். அந்த நாலு பேரும் தங்களை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தவித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உங்களைப் பார்த்துத் துணிந்து எழட்டும்! நிரப்பாமல் வைத்திருக்கும் அந்த விண்ணப்பத்தை இன்று இரவே நிரப்புங்கள். நாளை காலை அனுப்பிவிட்டு, அடுத்ததை எழுத உட்காருங்கள்!